மக்காச்சோள மணியும் பாலின் கொழுப்பும்: ஏன்? எப்படி?

மக்காச்சோளமும் பருத்தியும் பரவலாக விளையும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பால் கூட்டுறவுச் சங்கங்களில் கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் அளந்தே விலை கணக்கிடப்படுவதால், கொழுப்பு எவ்வாறு உருவாகிறது என்பது வருமானத்தைத் தொடும் கேள்வியாகிறது. மாட்டின் நான்கு வயிற்றறைகளுள் பெரியதான அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள், தட்டையிலும் வைக்கோலிலும் உள்ள நார்ப்பொருளை நொதிக்கச் செய்து அசிட்டிக் அமிலத்தை மிகுதியாகத் தருகின்றன. பாலின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதியை மடி பெரும்பாலும் இதைக் கொண்டே உருவாக்குகிறது, மீதி இரத்தத்தின் வழியே வந்து சேர்கிறது.

மாவுச்சத்து மிகுந்த மக்காச்சோள மணியை அளவுக்கு மீறி அரைத்துக் கொடுத்தால் புரோப்பியானிக் அமிலம் பெருகி, பாலின் அளவு கூடினாலும் கொழுப்பு விழுக்காடு சரியக்கூடும். அசிட்டிக் அமிலம் குறைவதே இதற்குக் காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் வயிற்றில் புளிப்பு ஏறும்போது நுண்ணுயிரிகள் தீவன எண்ணெயிலிருந்து உண்டாக்கும் ஒருவகை இணைந்த லினோலியிக் அமிலம், மிகச் சிறிய அளவிலேயே மடியின் கொழுப்பு உற்பத்தியைத் தடுக்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

பருத்திக்கொட்டை கொழுப்பைக் கூட்டும் என்னும் உழவர் நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு; முழுக்கொட்டையில் எண்ணெயோடு நாரும் சேர்ந்திருப்பதால் எண்ணெய் மெல்லவே வெளிப்படுகிறது. ஆயினும் கலப்பினப் பசுவின் பாலை எருமைப்பாலாக்கும் தீவனம் எதுவுமில்லை, ஏனெனில் எருமைப்பாலின் 6 முதல் 7 விழுக்காட்டுக் கொழுப்பு மரபுவழி வருவது. மக்காச்சோளத் தட்டையை நறுக்கிக் கொடுப்பது நன்றெனினும், தூளாக்கினால் அசைபோடுதல் குறைந்து, வயிற்றுப் புளிப்பைத் தணிக்கும் பைகார்பனேட் உப்பைச் சுமந்துவரும் உமிழ்நீரும் குறைந்துவிடும்.