முன்பே எண்ணப்படாத பறவைகள்

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர். 1987-88 இனப்பெருக்கப் பருவத்தில் அங்கே வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் 353 இருந்தன. 1998-99 பருவத்தில் 20 இருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றுகூட இல்லை.

பாறு, செத்த மாட்டைத் தின்று வாழும் பறவை. ஊர்ப்பக்கம் பிணந்தின்னிக் கழுகு என்பார்கள். அது வேட்டையாடுவதில்லை. 1980களில் உலகின் பெரிய ஊனுண்ணிப் பறவைகளில் எண்ணிக்கையில் மிகுந்தது வெண்முதுகுப் பாறாகவே இருக்கலாம் என்று பறவையியலாளர்கள் கருதினார்கள். வட இந்தியாவில் ஊருக்கு வெளியே மாட்டுப் பிணம் கிடந்த இடமெல்லாம் பாறு இருந்தது. அவ்வளவு மலிந்த பறவையை எண்ணிவைக்க யாரும் திட்டமிடவில்லை.

353 என்ற எண் ஏறக்குறைய தற்செயலாகக் கிடைத்தது. 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இளம் ஆய்வாளராக இருந்த விபு பிரகாஷ், பரத்பூரின் கொன்றுண்ணிப் பறவைகளை ஆராய்ந்தார். பருந்து, வல்லூறு, கழுகு ஆகியவற்றோடு பாறுகளும் அந்த ஆய்வில் அடங்கின. சரிவு ஏதும் தெரிந்து அவர் எண்ணவில்லை. சரிவு அப்போது தொடங்கியிருக்கவில்லை. 1996இல் திரும்பவும் பூங்காவுக்கு வந்தபோது கூடுகள் பாதிக்கும் குறைந்திருந்தன. பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி கிளைகளில் உட்கார்ந்திருந்தன. சில கிளைகளில் செத்த பறவைகள் தொங்கின.

பழைய எண் இல்லாமல் இருந்திருந்தால் 1996இல் பூங்காவுக்குப் போன எவரும் நூற்றுக்கு மேற்பட்ட கூடுகளைக் கண்டு, பாறுகள் ஏராளமாக இருப்பதாக எழுதியிருப்பார்.

சரிவு பரத்பூரில் மட்டும்தானா, நாடெங்குமா என்ற கேள்விக்கு விடை சொன்னதும் வேறு நோக்கத்துக்காக எடுத்த ஒரு கணக்கே. 1990களின் தொடக்கத்தில் அதே கழகம் வட இந்தியச் சாலைகளிலும் காப்பகங்களிலும் கொன்றுண்ணிகளை எண்ணியிருந்தது. ஊர்தியில் மெதுவாகப் போவார்கள். சாலையின் இரு பக்கமும் 500 மீட்டருக்குள் தெரியும் பறவைகளைக் குறிப்பார்கள். இதற்கு வழிக்கோட்டுக் கணக்கெடுப்பு என்று பெயர். 2000இல் அதே வழிகளில் அதே முறையில் மறுபடி எண்ணினார்கள். பாறுகள் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தன. 2007இல் எண்ணியபோது, 1992இல் 1,000 வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் 1 இருந்தது. சரிவு 99.9 விழுக்காடு. அதன் உறவினங்களான கருங்கழுத்துப் பாறும் மெல்லிய அலகுள்ள பாறும் சேர்ந்து 96.8 விழுக்காடு சரிந்திருந்தன.

2000க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆண்டுக்குச் சராசரியாக 43.9 விழுக்காடு குறைந்தது. இந்த வேகத்தில் 14 மாதத்தில் பாதி போய்விடும். 5 ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எண்ணும் கணக்கெடுப்பில், முதல் தடவை 100 இருந்த பறவை அடுத்த தடவை 6 ஆக இருக்கும். இடையில் எச்சரிக்கை எதுவும் பதிவாகியிருக்காது.

சரிவு தெரிந்த பிறகும் காரணம் தெரியவில்லை. முதலில் தொற்றுநோயைச் சந்தேகித்தார்கள். வைரஸ் தேடுவதில் ஆண்டுகள் போயின. விடை பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்திலிருந்து வந்தது. 2000 முதல் 2003 வரை அமெரிக்காவின் பெரெக்ரின் நிதியமும் பாகிஸ்தான் பறவையியல் கழகமும் முல்தானின் பஹாவுதீன் ஸக்கரியா பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து டோலேவாலா, டோவாலா, சங்கா மங்கா ஆகிய மூன்று பாறுக் குடியிருப்புகளைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். உயிரோடு இருந்த கூடுகளையும் எண்ணினார்கள், கீழே விழுந்த பிணங்களையும் எண்ணினார்கள். பிணங்களை அறுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றின் உள்ளுறுப்புகள் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்தால் பறவைகளுக்கு இப்படி ஆகும்.

சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பாறுகளைச் சோதித்தார்கள். 25இலும் டைக்ளோஃபெனாக் இருந்தது. வேறு காரணங்களால் செத்த 13 பாறுகளைச் சோதித்தார்கள். ஒன்றிலும் இல்லை. லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான இந்த ஆய்வு 2004இல் வெளியானது.

டைக்ளோஃபெனாக் ஒரு வலி நிவாரணி. மனிதர்கள் மூட்டுவலிக்குச் சாப்பிடுவது. 1990களின் நடுப்பகுதியில் அதன் மலிவான கால்நடை ஊசி இந்தியச் சந்தைக்கு வந்தது. நொண்டும் மாட்டுக்கும் மடிவீக்கம் கண்ட பசுவுக்கும் போட்டார்கள். மாட்டுக்கு அதனால் கேடில்லை. ஊசி போட்ட சில நாளில் மாடு செத்தால், மருந்து அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறு சில நாளில் சாகும்.

எல்லா மாட்டுக்கும் யாரும் ஊசி போடவில்லை. அப்படியிருக்க இவ்வளவு பெரிய சரிவு எப்படி நேர்ந்தது என்பதற்குப் பறவையின் நடத்தையில் விடை இருக்கிறது. பாறுகள் உயரத்தில் வட்டமிட்டபடி தரையையும் ஒன்றையொன்றையும் கவனிக்கும். ஒன்று இறங்கினால் பக்கத்தில் பறப்பது பார்த்து இறங்கும்; அதைப் பார்த்து அதற்கப்பால் பறப்பது இறங்கும். இப்படிப் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து பத்துக் கணக்கில் ஒரே பிணத்தில் கூடிவிடும். கூடிய கூட்டம் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கும். ஒரு பிணத்தில் நஞ்சு இருந்தால் ஒரு பறவை சாவதில்லை, ஒரு கூட்டம் சாகிறது. ஈடுகட்டும் வேகமும் இல்லை. ஒரு இணை ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு பருவமெய்த ஏறக்குறைய 5 ஆண்டு ஆகும்.

இந்த எண்களைக் கொண்டு ரைஸ் கிரீனும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் கணக்கிட்டார்கள். கண்ட அளவு சரிவுக்கு, கொல்லும் அளவு மருந்துள்ள பிணம் 130இல் ஒன்று முதல் 760இல் ஒன்று வரை இருந்தாலே போதும். பிறகு இந்தியாவில் 2004-05இல் செத்த கால்நடைகளிலிருந்து எடுத்த 1,848 ஈரல் மாதிரிகளைச் சோதித்தபோது, சுமார் 10 விழுக்காட்டில் டைக்ளோஃபெனாக் இருந்தது.

பாறுகள் போன பிறகு பிணங்கள் கிடந்தன. நாய்கள் தின்றன. தெருநாய்கள் பெருகின, கடிகள் பெருகின, வெறிநாய்க்கடிச் சாவுகளும் பெருகின. அனில் மார்க்கண்டேயாவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பாறுகளின் மறைவை ஒட்டி இந்தியாவில் நாய்கள் கூடுதலாகச் சுமார் 55 லட்சம் ஆயின. கூடுதல் வெறிநாய்க்கடிச் சாவுகள் 47,000க்கு மேல். 2024இல் பொருளியலாளர்கள் எயால் ஃபிராங்கும் அனந்த் சுதர்சனும் இன்னும் விரிவாகக் கணக்கிட்டார்கள். பாறுகள் வாழ ஏற்ற மாவட்டங்களையும் அவை முன்பே அதிகம் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். முதல் வகை மாவட்டங்களில் எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மனித இறப்பு 4 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்திருந்தது. 2000 முதல் 2005 வரை கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 5,00,000 பேர். நீர் கெட்டது உட்படச் சுகாதாரம் சரிந்ததே காரணம் என்பது அவர்கள் முடிவு.

அந்த ஆய்வும் பாறுகள் முன்பு எங்கே இருந்தன என்ற பழைய தகவலின்மேல்தான் நிற்கிறது.

காரணம் தெரிந்த பிறகு நடந்தவற்றின் காலவரிசை இது. 2004இல் ஆய்வு வெளியானது. 2006இல் இந்தியாவும் பாகிஸ்தானும் நேபாளமும் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடைசெய்தன. பாறுகளுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் மாற்றாக இருப்பதும் அதே ஆண்டு உறுதியானது. ஆனால் மனிதருக்கான டைக்ளோஃபெனாக் 30 மில்லிலிட்டர் குப்பிகளில் விற்றது. மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லிலிட்டர் போதும். 30 என்பது மாட்டுக்கு வசதியான அளவு. 2015இல்தான் குப்பியை 3 மில்லிலிட்டராகக் குறைத்தார்கள். அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கை 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கீட்டோபுரோஃபெனும் பாறுகளைக் கொல்லும். அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறும். இரண்டுக்கும் கால்நடைத் தடை 2023இல் வந்தது. நிமெசுலைடுக்கு 2024 டிசம்பரில் வந்தது. முதல் ஆய்வுக்கும் இதற்கும் 20 ஆண்டு இடைவெளி.

வேறொரு நாடு இதிலிருந்து கற்றிருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஐரோப்பாவின் பாறுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் வாழும் ஸ்பெயின், 2013இல் டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்கு அனுமதித்தது. 2020இல் கட்டலோனியாவின் பூமோர்ட் காப்பகத்தில் ஒரு கரும்பாறுக் குஞ்சு கூட்டிலேயே செத்தது. சோதனையில் டைக்ளோஃபெனாக் தெரிந்தது. அந்தக் குஞ்சின் உடலில் இடங்காட்டிக் கருவி பொருத்தியிருந்தார்கள். கருவி பொருத்தாத பறவை செத்திருந்தால் அதை யாரும் தேடிப் போயிருக்கமாட்டார்கள்.

தென்னிந்தியாவில் பாறுகள் எஞ்சியிருக்கும் முதன்மையான இடம் நீலகிரியின் அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கு. ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு வைக்கின்றன. எந்த மரத்தில் எத்தனை கூடு, எந்த மாதம் முட்டை, எத்தனை குஞ்சு பறந்தது என்ற விவரங்களில் கணிசமான பகுதி, உதகை அரசு கலைக் கல்லூரியின் வன உயிரியல் ஆய்வு மாணவர்கள் வெயிலில் நின்று எழுதிச் சேர்த்தது. 2023இன் தொடக்கத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கில் பாறுகள் 246. அதே ஆண்டு டிசம்பரில் 320. இது மகிழ்ச்சியான செய்தியாகவே வெளிவந்தது. ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவை பத்து மாதத்தில் 30 விழுக்காடு பெருகாது. வேறுபாட்டில் பெரும்பகுதி எண்ணியதில் இருக்கிறது. இவ்வளவு சிறிய கூட்டத்தில் இன்னும் சில ஆண்டு ஒரே முறையில் எண்ணினால்தான் ஏற்றமா இறக்கமா என்று சொல்ல முடியும். அதற்குள் நச்சேறிய ஒரு பிணம் முடிவை மாற்றிவிடும்.

பாறுகளையாவது இப்போது எண்ணுகிறார்கள். மற்றப் பறவைகளின் நிலையை 2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை சொல்கிறது. சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் அனுப்பிய 3 கோடிப் பதிவுகள் அதற்கு அடிப்படை. அவர்களில் மாணவர்கள் நிறையப் பேர். பொங்கல் நாட்களிலும் பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களிலும் எடுக்கும் கணக்குகளும் அதில் சேர்கின்றன. அறிக்கை 942 இனங்களை எடுத்துக்கொண்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கும் அளவுக்குத் தரவு இருந்தது 338 இனங்களுக்கு மட்டும். அவற்றில் 60 விழுக்காடு குறைந்திருந்தன. அண்மைக்காலப் போக்கைக் கணிக்க முடிந்தது 359 இனங்களுக்கு. அவற்றில் 40 விழுக்காடு குறைந்துகொண்டிருந்தன.

பொதுமக்களின் கவலை இந்த எண்களோடு ஒத்துப்போகவில்லை. சிட்டுக்குருவி அழிகிறது என்று நாடே பேசியது. பெருநகரங்களுக்கு வெளியே சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாக இருப்பதை இதே வரிசையின் 2020 அறிக்கை காட்டியது. மின்கம்பியில் உட்கார்ந்து நீலச் சிறகு விரிக்கும் பனங்காடை 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதன் நிலையை, அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பன்னாட்டுச் செம்பட்டியலில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று 2023 அறிக்கை பரிந்துரைத்தது. கண்ணால் கண்ட நினைவு சரிவை அளக்காது.

ஒரு மாணவர் எடுக்கும் கணக்கு பின்னாளில் ஒப்பிடப் பயன்பட வேண்டுமானால் அதில் சில விவரங்கள் இருக்க வேண்டும். எந்த இடம், எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எவ்வளவு நேரம், எத்தனை பேர் பார்த்தார்கள், எவ்வளவு தூரம் நடந்தார்கள். பார்த்த ஒவ்வோர் இனத்தின் எண்ணிக்கை. அரியவற்றை மட்டும் எழுதி, காக்கையையும் மைனாவையும் ‘நிறைய’ என்று விட்டுவிட்ட பட்டியலால் பயனில்லை. பரத்பூரில் 1987-88இல் பாறுக் கூடுகள் ‘நிறைய’ என்று எழுதியிருந்தால் 1996இலும் அந்தச் சொல் பொருந்தியிருக்கும். எண்ணியது வெளியே கிடைக்கவும் வேண்டும். முதுகலை ஆய்வேடு மதிப்பெண் வாங்கியதும் துறை அலமாரிக்குப் போய்விட்டால், 15 ஆண்டு கழித்து அதே குளத்துக்கு வரும் இன்னொரு மாணவருக்கு அது இல்லாததற்குச் சமம்.

338 இனங்கள் போக மீதி 604. இவற்றில் ஆந்தைகளும் பக்கிகளும் உண்டு. அவை இரவில் இயங்குபவை, பகலில் எண்ணுவோர் பட்டியலில் வருவதில்லை. சாலையே போகாத மலைக்காட்டின் உட்பகுதிப் பறவைகளும் உண்டு. 2000இல் பழைய வழிகளில் திரும்பிப் போய்ப் பாறுகளை எண்ண முடிந்ததற்குக் காரணம், அந்த வழிகளில் அதற்கு முன் ஒருமுறை எண்ணியிருந்தார்கள் என்பதே. இந்த 604 இனங்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரும்பிப் போக அப்படி ஒரு வழி இல்லை.