கொக்கோ நிழலில் கரிமம்

பிரேசில் நாட்டின் பாகியா மாநிலத் தென்பகுதியில், இலேயுசு நகரைச் சூழ்ந்த கொக்கோத் தோப்புகள் தொலைவிலிருந்து நோக்குவார்க்குக் காடாகவே தோன்றும். அட்லாண்டிக் காட்டின் அடிப்புதரை நீக்கி, ஓங்கிய மரங்களை நிழலுக்கு நிறுத்தி, அவற்றின் கீழ்க் கொக்கோ நடுவது அங்கே நெடுநாள் வழக்கம். அம்முறைக்குக் கப்ருக்கா என்று பெயர். அத்தோப்பில் ஆண்டு முழுதும் கால் படுவது சருகின்மேல்தான்.

உலர்ந்த இலையின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். இலையை உதிர்க்குமுன் அதன் தழைச்சத்தில் ஒரு பகுதியை மரம் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. கரிமத்தைப் பெரும்பாலும் இலையோடு விட்டுவிடுகிறது. அவ்விலை நுண்ணுயிர்க்கு எளிய உணவன்று. கொக்கோ இலையில் இலிக்னினும் துவர்ப்பொருள்களும் மிகுதி. ஆகவே பழைய சருகு மட்கி மறையுமுன் புதியது வந்து விழுகிறது. நிழலுக்கென நடப்படும் முருக்கு இன மரங்கள் (நம் கலியாண முருங்கையின் உறவினவே) இதற்கு மாறானவை. அவற்றின் தழை விரைந்து மட்கி ஊட்டம் தரும்.

மட்கும்போது கரிமத்தின் பெரும்பகுதி நுண்ணுயிர்களின் மூச்சாகக் காற்றுக்கே மீள்கிறது. எஞ்சும் சிறுபகுதி எத்துணைக் காலம் தங்கும் என்பது மண்ணின் கட்டமைப்பைப் பொறுத்தது. பூசண இழைகளும் வேர்க்கசிவும் மண்துகள்களைத் திரட்டிச் சிறு கட்டிகளாக்குகின்றன. அவற்றின் உட்புறம் சிக்கிய மட்கை நுண்ணுயிர்கள் எளிதில் அணுக இயலாது. உழவு படாத தோப்பில் அக்கட்டிகள் குலையாமல் நிற்கின்றன.

சருகுக்கு மற்றொரு பணியும் உண்டு. கொக்கோப் பூவுக்குப் பூந்துகள் சுமப்பவை எள்ளளவே உள்ள ஈக்கள். அவற்றின் புழுக்கள் ஈரச்சருகிலும் அழுகும் காய்த்தோட்டிலும் வளர்கின்றன. கருங்காய் அழுகல் நோய்க்கும் அத்தோடே உறைவிடமாவதுதான் சிக்கல். தோட்டைத் தனியே மட்கவைத்துத் தோப்புக்குத் திருப்புவது தகும். அந்நோய்க்கு அஞ்சிச் சருகையும் வாரி எரிப்பது பெரும்பிழை.

1989-இல் பாகியாவில் புகுந்த துடைப்ப நோய் விளைச்சலை வீழ்த்தியது. வருவாய் இழந்தோர் பலர் நிழல்மரங்களை வெட்டி விற்றனர். தோப்புகள் சில மேய்ச்சல் நிலமாயின. அவ்விடங்களில் நிழல்மரச் சருகின் வரவும் நின்றது.

மரத்தின் சுற்றளவை மட்டும் அளந்து தோப்பின் கரிம இருப்பைக் கணித்தால் கணக்கில் பாதியும் தேறாது. பாகியாவின் கொக்கோ நிலங்களில் ஒரு மீட்டர் ஆழம் வரை எக்டருக்கு ஏறத்தாழ 300 டன் கரிமம் மண்ணில் அளக்கப்பட்டுள்ளது. மேலே நிற்கும் மரங்களில் உள்ளது அதனினும் குறைவே.