தோட்டமும் அரசும்: மலையகத்தில் காலனித்துவ நிருவாகத்தின் இயல்பு

காலனித்துவ நிருவாகம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தேசாதிபதியையும் அரசாங்க அதிபரையும் அவர்தம் அறிக்கைகளையும் மையமாகக் கொண்டே அமைகின்றன. மலையகத் தமிழரைப் பொறுத்தவரையில் இந்நோக்குப் போதுமானதன்று. நுவரெலியாவிலும் அட்டனிலும் தொழிலாளி அன்றாடம் எதிர்கொண்ட அதிகாரம் கச்சேரியில் இருக்கவில்லை, தோட்டத்துரையிடம் இருந்தது. ஆளும் பொறுப்பையே அரசு முதலாளியிடம் ஒப்படைத்தமைதான் மலையகத்தில் காலனித்துவத்தின் தனிப்பண்பு என்பது எமது கருத்து.

இவ்வொப்படைப்புத் தற்செயலானதன்று. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் கன்னொறுவையில் தாமே கோப்பி பயிரிட்டவர். 1840களின் நடுப்பகுதி வரை சிவில் சேவை அதிகாரிகள் காணி வாங்கிப் பயிர் செய்தனர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசு நிலத்தையும் முடிக்குரியனவாகக் கொண்டது. சட்டம் இயற்றியோரும் அதன் பயனாகக் காணி பெற்றோரும் ஒரே வட்டத்தினராயிருந்தனர். 1854இல் தோட்டத்துரைமார் சங்கம் தோன்றியபின் இவ்வர்க்க நலன் நிறுவன வடிவம் பெற்றது.

நிலத்துக்குப் பின்னர் உழைப்பு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, தொழிலாளி முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. உழைப்பாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான பிணக்குக் குற்றவியல் வழக்காக மாறியது. இதே காலத்தில் அயலிலுள்ள சிங்களக் கிராமங்கள் வேறொரு முறையில் ஆளப்பட்டன. 1871ஆம் ஆண்டுச் சட்டம் அங்குக் கிராமச் சபைகளை ஏற்படுத்தியது. அதனாற் கிராமத்தவர் நலம் பெற்றனர் என்பதன்று. 1880களில் வலப்பனையில் தானிய வரி செலுத்த இயலாத விவசாயிகள் தம் வயல்களை இழந்தனர். ஆனால் கிராமத்தவனை ஒடுக்கியது அரசு. அவன் முறையிடவும் எதிர்க்கவும் கூடிய ஒரு பொது அதிகாரம். தொழிலாளியை ஒடுக்கியவரோ அவனுக்குக் கூலி வழங்குபவர். அவன் குடியிருந்த லயமும் அவருடையது.

ஆபிரிக்காவோடு ஒப்பிட்டு நோக்கின் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். வட நைஜீரியாவில் லுகார்ட் அமீர்கள் வாயிலாக ஆட்சி நடத்தினார். அதுவே மறைமுக ஆட்சி எனப் பெயர் பெற்றது. லுகார்டுக்குப்பின் 1919 முதல் 1925 வரை நைஜீரியாவை ஆண்ட ஹியூ கிளிபர்ட், 1925இல் இலங்கையின் தேசாதிபதியானார். ஆட்சியாளர் இவ்வாறு கண்டம் மாறினர்; இடைத்தரகர் வழி ஆளும் தந்திரம் இரு நிலங்களுக்கும் பொதுவாயிருந்தது. மலையகத்தில் அவ்விடத்தை வகித்தவர் பெரிய கங்காணி. எனினும் அமீரின் அதிகாரம் பிரித்தானியர் வருமுன்னரே நிலவியது. கங்காணியின் அதிகாரமோ சாதி, உறவு ஆகியவற்றின் மீது, முற்பணத்தாலும் கடனாலும் கட்டப்பட்டது. தொழிலாளரின் கடனைக் குறித்த ‘துண்டு’ தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. கடனைத் தீர்த்த தோட்டம் ஆட்களைப் பெற்றது. துரை, கங்காணி, துண்டு, பிரட்டு, லயம், அரைப்பேர் ஆகிய மலையகச் சொற்களை ஒருங்குவைத்து நோக்கின், அவை ஓர் ஆட்சியமைப்பின் சொற்றொகுதியே என்பது புலனாகும்.

இவ்வமைப்புப் போராட்டமின்றி நெகிழவில்லை. பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் தண்டனைச் சட்டத்தை எதிர்த்தனர். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. இந்திய அரசின் நெருக்குதலும் சேர, 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்கூலியாக விதிக்கப்பட்டன. கொழுந்து பறித்துத் தோட்டத்தைத் தாங்கிய பெண், சமகூலி பெற 1984 வரை காத்திருந்தாள். கூலியில் அரசு தலையிட்டபோதும் தோட்ட எல்லை கலையவில்லை. கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டே தோட்டங்களுக்குள் நுழைய நேர்ந்தது. வெளியாள் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்டது.

இதன் தொடர்ச்சி சுதந்திரத்தோடு முடியவில்லை என்பதே முக்கியமாக மனங்கொள்ளத்தக்கது. 1930களின் இறுதியில் கிராமச் சபை வாக்குரிமையினின்று தோட்டத் தொழிலாளர் விலக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றோராக்கியது. 1970களில் தோட்டங்கள் தேசியமயமாகி உடைமை மாறியபோதும் நிருவாக எல்லை மாறவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. 2018இலேயே அது திருத்தப்பட்டது. அதுவரை தோட்டத் தொழிலாளி சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம். அவ்வுறுப்பினர் லயத்துக்குப் பாதை அமைத்துக் கொடுக்க இயலாது.

ஆகவே, மலையக மக்களின் பின்தங்கிய நிலையை அபிவிருத்திக் குறைபாடாக மட்டும் விளக்குவது மேலோட்டமானதாகும். அது திட்டமிட்டு அமைக்கப்பட்ட ஓர் ஆட்சிமுறையின் விளைவு. இன்றும் பெரும்பாலான லயக் குடும்பங்களிடம் தாம் வாழும் நிலத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லை. வேலை தருபவரே வீட்டின் உடைமையையும் தம் வசம் வைத்திருக்கும்வரை குடிமகன் என்ற நிலை முழுமை பெறாது. நிலவுரிமைக் கோரிக்கையை ஒரு நலன்புரிச் சலுகையாகவன்றி, காலனித்துவ ஆட்சியின் இறுதி எச்சத்தை அகற்றும் சனநாயகக் கோரிக்கையாகவே நாம் நோக்குதல் வேண்டும்.