காய்ச்சல் விட்ட பிறகு வரும் காய்ச்சல்



சிம்பாங் அம்பாட் பக்கத்தில் ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக் கொள்வோம். வீட்டில் ஒரு தாத்தா. எழுபது வயது. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். இடையில் சில வருடங்கள் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, அடுப்புக்கு விறகு தள்ளியவர். பீடிப் பழக்கமும் உண்டு. அவர் வெட்டிய நிரைகளில் இன்று செம்பனை நிற்கிறது. லயத்து வீடும் போய்விட்டது. மகன் வாங்கிய தாமான் வீட்டில் பின் அறையில் இருக்கிறார். விடியற்காலையில் அவர் இருமும் இருமல்தான் பேரப்பிள்ளைகளுக்குக் கடிகாரம். "தாத்தா எழுந்துட்டாரு, மணி அஞ்சு ஆச்சு" என்பார்கள்.

ஒரு நாள் பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து புளூ காய்ச்சலைக் கொண்டு வருகிறான். அவனுக்கு மூன்று நாளில் தேவலை. தாத்தாவுக்கு நாலு நாள் காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. கஞ்சி குடித்தார், வாசலில் வந்து உட்கார்ந்தார். வீட்டுக்கே நிம்மதி. ஏழாம் நாள் இரவு நடுக்கத்தோடு மறுபடி காய்ச்சல். "மாமா, ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று மருமகள் கேட்கிறாள். "போன வாரம் வந்த அதே காய்ச்சல்தாம்மா, ரெண்டு நாள்ல விட்டுடும்" என்கிறார் தாத்தா.

அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். ஏனென்றால் அது போன வாரத்துக் காய்ச்சல் அல்ல. அது வேறு கிருமி, வேறு நோய், வேறு மருந்து.

முதலில் வந்தது இன்புளுவென்சா என்னும் வைரஸ் காய்ச்சல். பின்னால் வந்தது பாக்டீரியாவால் உண்டாகும் நிமோனியா. முதலாவது கதவை உடைத்துவிட்டுப் போகிறது. இரண்டாவது உடைந்த கதவு வழியாக உள்ளே நுழைகிறது. எப்படி என்று பார்ப்போம்.

தோட்டத்தில் கான் வெட்டியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கானில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் குப்பையும் சேறும் அதனோடு போய்விடும். ஓட்டம் நின்றால் தேங்கும், நாறும், புழு வைக்கும். நம்முடைய மூச்சுக் குழாய்களுக்குள்ளும் இப்படி ஓர் ஓட்டம் இருக்கிறது. குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிரிழைகள் கோடிக்கணக்கில் உள்ளன. அவை ஓயாமல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே, தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. நாம் அறியாமலேயே அதை விழுங்கிவிடுகிறோம். வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிடுகிறது.

இன்புளுவென்சா வைரஸ் நேராகப் போய்த் தாக்குவது இந்த உட்சுவரைத்தான். மயிரிழைகள் உள்ள அணுக்கள் செத்து உதிர்கின்றன. அவை மறுபடி முளைத்துச் சரியாக வேலை செய்யச் சில வாரங்கள்கூட ஆகலாம். காய்ச்சல் விட்டாலும் உட்சுவர் இன்னும் புண்ணாகத்தான் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து, மூக்கிலும் தொண்டையிலும் ஏற்கெனவே சும்மா குடியிருந்த நியூமோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் முதலிய பாக்டீரியாக்கள் கீழே நுரையீரலுக்கு வழுகி இறங்குகின்றன. தடுக்க ஆளில்லை. அங்கே பெருகிச் சீழ் கட்டுகின்றன. காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நிற்கிறது.

நல்ல நுரையீரல் உள்ளவருக்கே இது ஆபத்து. நம் தாத்தாவுக்கோ புகையினால் அந்த மயிரிழைகள் பல வருடங்களுக்கு முன்பே பாதி அழிந்துவிட்டன. கான் ஏற்கெனவே அடைத்துக் கிடக்கிறது. போதாததற்கு அவர் மூச்சில் மிச்சம் வைத்திருக்கும் பலமும் குறைவு. மற்றவர் நடந்து கடக்கும் மேட்டில் இவர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்.

நம் மக்களிடையே இப்படிப்பட்ட நெஞ்சு நோயாளிகள் நிறையப் பேர் உண்டு. இழுப்பு என்று சொல்லப்படும் ஆஸ்துமா உள்ளவர்கள், காசநோய் வந்து மருந்து சாப்பிட்டுத் தேறி, நுரையீரலில் தழும்போடு வாழ்பவர்கள், பீடி, சுருட்டு, சிகரெட் குடித்தவர்கள். பெண்களை மறந்துவிடக் கூடாது. பீடியைத் தொட்டே பார்க்காத பாட்டிக்கு எப்படி நெஞ்சடைப்பு வந்தது என்று கேட்பார்கள். லயத்துக் குசினியில் நாற்பது வருடம் ரப்பர் விறகு அடுப்பை ஊதியவர் அவர். அந்தப் புகையும் புகைதான். இவர்களில் பலருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. "வயசாச்சு, இருமல் இருக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடுகிறார்கள். மாதக்கணக்காக இருமலும் சளியும் இருந்து, பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கினால் அது வயது அல்ல. கிளினிக்கில் ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பரிசோதிப்பார்கள். வலி இல்லாத பரிசோதனை.

இந்த இரண்டாவது காய்ச்சல் புதிய விஷயமல்ல. 1918-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகம் முழுவதும் பரவிய இன்புளுவென்சா மலாயாவுக்கும் வந்தது. ரப்பர் தோட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்த நம்மவர்களைக் கடுமையாகத் தாக்கியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது எது என்று அந்தக் காலத்து டாக்டர்களுக்கே தெளிவில்லை. 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்னும் ஜெர்மானிய அறிஞர் நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, அதுதான் இன்புளுவென்சாவின் கிருமி என்று சொல்லியிருந்தார். அவர் கண்டது பின்னால் நுழைந்த திருடனை. கதவை உடைத்தவனை அல்ல. மனிதரைத் தாக்கும் வைரஸ் 1933-இல்தான் பிடிபட்டது.

2008-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பழைய பெட்டிகளைத் திறந்தார்கள். 1918-1919-இல் இறந்த 58 பேரின் நுரையீரல் திசு, பாதுகாத்து வைக்கப்பட்டிருந்தது. அதை உருப்பெருக்கியில் பார்த்தார்கள். அத்துடன் அக்காலத்தில் செய்யப்பட்ட 8,398 பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளையும் படித்தார்கள். பெரும்பாலோர் இறந்தது பாக்டீரியா நிமோனியாவினால் என்று தெரிந்தது. அன்று பென்சிலின் கிடையாது. டாக்டர் பக்கத்தில் இருந்தும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருந்தது.

1957-இல் ஆசிய இன்புளுவென்சா வந்தது. சீனாவில் கிளம்பி, ஹாங்காங், சிங்கப்பூர் வழியாக மலாயாவுக்குள் நுழைந்தது. மெர்டேக்காவுக்குச் சில மாதங்களே இருந்த நேரம். அந்த மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போன ஒரு பயணிகள் கப்பலோடு அது தமிழ்நாட்டுக் கரையும் ஏறியது. ரஜுலா போன்ற கப்பல்கள் இரு கரைக்கும் ஓடிக்கொண்டிருந்த காலமல்லவா. உறவினரோடு காய்ச்சலும் பயணம் செய்தது. அப்போது பென்சிலின் இருந்தது. ஆனால் பென்சிலினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் பல ஆஸ்பத்திரிகளில் தலைதூக்கியிருந்தது. முன்பே நெஞ்சு நோயோ இருதய நோயோ இருந்தவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். 2009-இல் எச்1என்1 வந்தபோதும் இதே கதைதான்: அமெரிக்காவில் இறந்த 77 பேரின் நுரையீரலைச் சோதித்ததில் 22 பேரிடம் பாக்டீரியாவும் இருந்தது. மருந்துகள் பெருகிய பிறகும் இப்படி.

சரி, தாத்தாவுக்கு என்ன செய்வது?

முதல் காய்ச்சல் வராவிட்டால் இரண்டாவதற்கு இடமே குறைவு. அதற்குப் புளூ தடுப்பூசி. இதை ஒருமுறை போட்டுக்கொண்டால் ஆயுள் முழுவதும் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்த வைரஸ் ஆண்டுக்கு ஆண்டு சட்டை மாற்றிக்கொள்ளும். ஊசியும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பாதுகாப்பு வரும். பக்கத்து வீட்டுக்குக் காய்ச்சல் வந்த பிறகு ஓடுவது தாமதம். நம் நாட்டில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் புளூ ஆண்டு முழுவதும் உலவுகிறது. "ஊசி போட்டால் காய்ச்சலே வருகிறது, எதற்கு வம்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஊசியில் இருப்பது செத்த வைரஸின் பகுதி. அது புளூவைத் தராது. ஒரு நாள் கை வலியும் இலேசான காய்ச்சலும் வரலாம், போய்விடும். ஊசி போட்டும் சிலருக்குப் புளூ வருவதுண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வந்தாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கும் அளவுக்கு முற்றுவது குறைகிறது.

2024-இல் சுகாதார அமைச்சு, 60 வயதைக் கடந்து நீண்டநாள் நோயும் உள்ள மூத்த குடிமக்களுக்கு இந்த ஊசியை அரசாங்கக் கிளினிக்குகளில் இலவசமாகப் போடத் தொடங்கியது. உங்கள் கிளினிக்கில் இப்போது யாருக்கு, எப்போது என்று முகப்பில் கேளுங்கள். அடுத்த முறை பிரஷர் மாத்திரை வாங்கப் போகும்போதே கேட்டுவிடலாம்.

இன்னொரு ஊசி நியூமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிரானது. இது நேரடியாகப் பின்னால் நுழையும் திருடனைத் தடுப்பது. 2020-ஆம் ஆண்டிலிருந்து பிறந்த குழந்தைகளுக்கு இது அரசாங்க அட்டவணையிலேயே சேர்ந்துவிட்டது. அட்டையைப் பார்த்துப் பேரப்பிள்ளைகளுக்குத் தவறாமல் போட்டால், குழந்தையின் மூக்கிலிருந்து தாத்தாவுக்குக் கிருமி போவதும் குறையும். பெரியவர்களுக்குப் பணம் கொடுத்துப் போட வேண்டியிருக்கலாம். சில நூறு ரிங்கிட் செலவு ஒரு தொழிலாளி குடும்பத்துக்குச் சின்ன தொகையல்ல என்பதை அறிவோம். ஆனாலும் நெஞ்சு நோய் உள்ளவருக்கு எது தேவை என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது. பிறந்தநாளுக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து இதை எடுத்துக் கொடுக்கலாமே.

அடுத்தது புகை. பீடியை விடச் சொன்னால் "இத்தனை வருஷம் ஆச்சு, இனிமே விட்டு என்ன?" என்பார்கள். எழுபது வயதில் விட்டாலும், மேலும் கெடுவது மெதுவாகிறது. இதை எல்லாரும் சொல்கிறார்கள். நாம் சொல்ல விரும்புவது சாம்பிராணியைப் பற்றி. காய்ச்சலில் கிடந்தவரை ஆறாம் நாள் குளிக்க வைத்து, தலைக்குச் சாம்பிராணி பிடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அன்போடு செய்வதுதான். ஆனால் உட்சுவர் புண்ணாகிக் கிடக்கும் அந்த நாளில் நெஞ்சுக்குள் புகையை விடுவது, அடைத்த கானில் மேலும் குப்பையைக் கொட்டுவது போல. சாமி மேடைக்கு முன்னால் காட்டுங்கள். தாத்தாவின் தலைமாட்டில் வேண்டாம். கொசுவர்த்திச் சுருளும் அப்படித்தான், கொசுவலை கட்டிவிடலாம். சுக்கு மல்லிக் கஷாயம் கொடுக்கிறீர்களா? தாராளமாகக் கொடுங்கள். தொண்டைக்கு இதம். மருந்துக்குப் பதிலாக மட்டும் அது ஆகிவிடக் கூடாது.

வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாத்தாவோடு ஒரே பாயில் படுக்க வைக்காதீர்கள். கோவிட் காலத்து முகக்கவசங்கள் அலமாரியில் இருக்கும், எடுத்து மாட்டுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள்.

தாத்தாவுக்கே புளூ வந்துவிட்டால் முதல் இரண்டு நாளுக்குள் கிளினிக்குக்குப் போக வேண்டும். வைரஸை அடக்கும் மாத்திரை இருக்கிறது. சீக்கிரம் தொடங்கினால்தான் அதற்கு முழுப் பலன். தினமும் இழுக்கும் பம்பை நிறுத்தக் கூடாது. காய்ச்சல் நேரத்தில் இது எதற்கு என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள், அப்போதுதான் அது அதிகம் தேவை. நாள் முழுவதும் மல்லாந்து படுக்காமல் சாய்ந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சளியை இருமித் துப்ப வேண்டும்.

போன வருடம் வாங்கிய ஆன்டிபயாட்டிக் நாலு மாத்திரை டப்பாவில் மிச்சம் இருக்கும். அதைத் தொடாதீர்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது. அரைகுறையாகச் சாப்பிட்டால் உடம்பில் உள்ள பாக்டீரியா அந்த மருந்துக்குப் பழகிவிடும். நிஜமாக நிமோனியா வரும்போது மருந்து வேலை செய்யாமல் போகும். நெருக்கடிக்கென்று டாக்டரே எழுதிக் கொடுத்து வைத்திருந்தால் அது வேறு விஷயம்.

காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு வாரம் வரை கண் வைத்திருங்கள். தேறி வந்தவருக்கு மறுபடி காய்ச்சல், குளிர் நடுக்கம், மூச்சை இழுத்தால் விலாவில் குத்தல், சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ துருப்பிடித்த நிறத்திலோ மாறுதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மிக வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே தெரியாது. சோறு வேண்டாம் என்பார், பேச்சு குழறும், பேரனைப் பார்த்துத் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அதையும் நோயாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூச்சை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் சும்மா இருக்கும்போது, அவருக்குத் தெரியாமல், நெஞ்சு எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். சாதாரணமாக இருபதுக்குள் இருக்கும். முப்பதை எட்டினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ 999-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சில வீடுகளில் இருக்கிறது. நெஞ்சு நோயாளிக்கு நல்ல நாளிலேயே எண் குறைவாக இருக்கலாம். ஆகவே அவர் நலமாக இருக்கும்போது ஒருமுறை பார்த்து, காலண்டரில் எழுதி வையுங்கள். அதைவிட மூன்று நான்கு குறைந்தால் அது அவருக்கு இறக்கம்.

அலோர் காஜா ஆஸ்பத்திரிக்கோ மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கோ போகும்போது அவருடைய பம்புகளையும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். வெறுமனே "டெமாம்" என்று சொன்னால் காய்ச்சல் வரிசையில் உட்கார வைக்கலாம். "புளூ வந்து விட்டது, இப்போது டெமாம் டத்தாங் பாலேக், செசாக் நாபாஸ், பாரு-பாரு நோய் ஏற்கெனவே இருக்கிறது" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். எத்தனையாம் நாள் விட்டது, எத்தனையாம் நாள் திரும்பியது என்பதையும் சொல்லுங்கள். பெரியவருக்கு மலாய் சரளமாக வராவிட்டால், பேசத் தெரிந்த பேரப்பிள்ளை ஒருவர் கூடவே போகட்டும்.