பழைய மானிட்டரில் நிறம் மாறினால்…

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் பின்புறம் பெட்டி போல் நீண்ட பழைய மானிட்டர்கள் நான்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சென்ற ஆண்டு அவற்றில் ஒன்றில் வெள்ளைப் பக்கம் முழுக்க மஞ்சளாகத் தெரிந்தது. படக்குழாய் போய்விட்டது என்று முடிவுகட்டி, பயன்படாத பொருள்களின் பட்டியலில் எழுதிவிட்டேன். தலைமையாசிரியர் கையொப்பமிடும் முன்பே எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், இதுல நீலம் மட்டும் வரலை போல" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. படக்குழாயின் உட்புறத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என மூவகை ஒளிரும் பொருள் பூசப்பட்டிருக்கும். மூன்றும் ஒளிர்ந்தால் வெள்ளை. நீலம் வராவிட்டால் சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சள். சிவப்பு போனால் திரை பச்சை கலந்த நீலமாகும். பச்சை போனால் கத்தரிப்பூ நிறம் அடிக்கும். வாட்டர் கலரில் சிவப்பையும் பச்சையையும் கலந்து பழுப்பையே பார்த்த மாணவர்களுக்கு, ஒளிக்கலவையை விளக்க இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை.

இனி, கோளாறு எங்கே? மானிட்டர் கேபிளின் முனையில் 15 பின்களுக்கான இடம் உண்டு. 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம். எங்களுடையதில் மூன்றாவது பின் வளைந்து மடங்கிக் கிடந்தது. இணைப்புகளை அணைத்துவிட்டு, லீட் எடுத்த மைக்ரோ டிப் பென்சிலின் முனையைப் பின்னில் செருகி மெல்ல நிமிர்த்தினேன். வெள்ளை வந்துவிட்டது. ஒன்பதாவது பின் பல கேபிள்களில் இயல்பாகவே இருக்காது; உடைந்துவிட்டதென்று பதற வேண்டாம்.

மூலையில் மட்டும் நிறத்திட்டு தெரிந்தால் பெரும்பாலும் காந்தம்தான் காரணம். அருகிலுள்ள ஸ்பீக்கரைத் தள்ளி வையுங்கள். பிறகு அரை மணி நேரம் அணைத்து வைத்துப் போடுங்கள். போட்டதும் 'டொம்' என்று கேட்கிறதே, அதுதான் உள்ளேயுள்ள கம்பிச்சுருள் காந்தத்தன்மையை நீக்கும் ஓசை. சூடாக இருக்கும்போது உடனுக்குடன் அணைத்துப் போட்டால் அது சரியாக வேலை செய்யாது.

படத்துக்குப் பதில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தால் மானிட்டரில் பழுதில்லை. கணினியை சேஃப் மோடில் திறந்து, திரை அளவை 800×600 ஆகவும் புதுப்பிப்பு வீதத்தை 60 ஹெர்ட்ஸ் ஆகவும் குறைத்தால் போதும்.

திரையின் நடுவே பளிச்சென்று ஒரே ஒரு கிடைக்கோடு மட்டும் தெரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். படத்தை மேலும் கீழும் விரிக்கும் சுற்று பழுதாகியிருக்கும். அப்படியே விட்டால் அந்தக் கோடு திரையில் நிரந்தரத் தழும்பாகிவிடும். இது நம் வேலையன்று. வண்ணப் படக்குழாய்க்கு 20,000 வோல்ட்டுக்கும் மேல் மின்னழுத்தம் செல்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் உள்ளே தங்கியிருக்கும்.

இது தெரியாமல் முன்பொருமுறை தூசி துடைக்க மாணவர்கள் எதிரிலேயே பின்மூடியைக் கழற்றியவன் நான். மறுவாரம் ஒரு மாணவன் ஸ்குரூடிரைவரோடு அதே மானிட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தான். நான் பார்த்தபோது இரண்டு திருகுகளைக் கழற்றியிருந்தான். மூடியை இன்னும் எடுக்கவில்லை. அன்றிலிருந்து ஆய்வக ஸ்குரூடிரைவர் என் பீரோவில்தான் இருக்கிறது.