கார்ச் சாவியின் மின்கலம் உண்மையில் தீர்ந்துவிட்டதா?

பொத்தானை அழுத்தினால் தொலைவிலிருந்தே கதவைத் திறக்கும் கார்ச் சாவிகளை இன்று எங்கும் காண்கிறோம். சில ஆண்டுகள் ஒழுங்காக உழைத்த சாவி ஒரு நாள் சண்டித்தனம் செய்யத் தொடங்கும். முப்பது அடி தூரத்திலிருந்து திறந்த கதவு, இப்போது அருகில் சென்று இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் திறக்கும். 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்கிறோம். அந்தப் பேட்டரியைக் கழற்றி ஒரு வோல்ட்மீட்டரில் வைத்துப் பார்த்தால், பல சமயங்களில் அது 2.9 வோல்ட் காட்டும். கடையில் வாங்கிய புதியதும் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலேதான் காட்டும். இவ்வளவு சிறிய வேறுபாட்டுக்கா சாவி வேலைநிறுத்தம் செய்கிறது?

இச்சாவிகள் பலவற்றில் இருப்பது சி.ஆர். 2032 என்னும் நாணய வடிவ மின்கலமாகும். இப்பெயரில் 'சி' என்பது லித்தியம், மாங்கனீசு டை ஆக்சைடு ஆகிய இரண்டும் சேர்ந்த வகையைக் குறிக்கிறது. 'ஆர்' என்பது வட்ட வடிவைக் குறிக்கிறது. 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம். 32 என்பது தடிமன், அதாவது 3.2 மில்லிமீட்டர். 2025 என்றால் தடிமன் 2.5 மில்லிமீட்டர். வோல்ட் ஒன்றுதானே என்று 2032க்குப் பதில் 2025ஐப் போட்டால், அது தொடுமுனைகளில் சரியாக அழுந்தாமல் ஆடிக்கொண்டிருக்கும்.

மூன்று கிராம் எடையுள்ள இம்மின்கலத்துள் லித்தியம் ஏறத்தாழ பத்தில் ஒரு கிராம்தான் உண்டு. எலெக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில் லித்தியத்துக்கு நிகரான உலோகம் இல்லை என்றே சொல்லலாம். லித்தியம் அணு எலெக்ட்ரானை இழந்து அயனியாகிறது. எலெக்ட்ரான், வெளிச்சுற்றின் வழியாகச் சென்று வேலை செய்கிறது. அயனி, உள்ளே உள்ள மின்பகு திரவத்தின் வழியாகச் சென்று மாங்கனீசு டை ஆக்சைடின் படிகத்துக்குள் புகுந்து அமர்கிறது. நீர் பட்டால் லித்தியம் வினைபுரிந்துவிடும். ஆகவே இத்திரவத்தில் நீர் துளியும் கிடையாது. கரிமக் கரைப்பான்களே பயன்படுகின்றன.

இவ்வினை நடக்கும் காலம் முழுவதும் மின்னழுத்தம் பெரும்பாலும் மூன்று வோல்ட்டை ஒட்டியே நிற்கும். கடைசிக் கட்டத்தில்தான் சரியும். ஆனால் மற்றொன்று சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே வருகிறது. அதுதான் மின்கலத்தின் அகமின்தடை. மின்கலம் வெளியே அனுப்பும் மின்னோட்டம் அதன் வயிற்றுக்குள்ளும் ஓடியாக வேண்டும் அல்லவா? அங்கே அதற்கு ஏற்படும் தடையே இது. புதிய மின்கலத்தில் இது பத்துப் பதினைந்து ஓம். முதுமையில் பல மடங்காகிவிடும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொத்தானை அழுத்தும்போது சாவி 433 மெகாஹெர்ட்ஸ் அளவில் ரேடியோ அலைகளை வீசுகிறது. அக்கணத்தில் அதற்கு 15 மில்லி ஆம்பியர் தேவை என்று கொள்வோம். அகமின்தடை 10 ஓம் என்றால், ஓம் விதிப்படி உள்ளேயே இழக்கப்படுவது 0.15 வோல்ட். மீதி 2.85 வோல்ட் சாவிக்குக் கிடைக்கும், குறையில்லை. அகமின்தடை 70 ஓம் ஆகிவிட்டால் இழப்பு 1.05 வோல்ட். 2.9இல் அது போக, மிஞ்சுவது 1.85 வோல்ட். இரண்டு வோல்ட்டுக்குக் கீழே போனால் இத்தகைய சுற்றுகள் பலவும் இயங்குவதில்லை. வோல்ட்மீட்டரோ மிகமிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்கிறது. ஆகவே அது உள் இழப்பைக் காண்பதில்லை, 2.9 என்று உண்மையையே சொல்லி நம்மை ஏமாற்றிவிடுகிறது!

சிறிது நேரம் ஓய்வு கொடுத்தால் சாவி மறுபடி ஒருமுறை வேலை செய்வதும், உதகை போன்ற இடங்களில் குளிர்ந்த காலையில் அடம் பிடிப்பதும் இதனாலேயே. குளிரில் அயனிகளின் நடை மெதுவாகிறது, அகமின்தடை உயர்கிறது.

மாற்றும் வேலை எளிது. மேல்மூடியும் கீழ்மூடியும் சேருமிடத்தில் ஒரு சிறு பிளவு இருக்கும். அதில் நாணயத்தையோ தட்டையான திருப்புளியையோ வைத்து மெல்லத் திருப்பினால் மூடி கழன்றுவிடும். பழைய மின்கலத்தின் + குறி எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்று பார்த்துக்கொண்ட பிறகே எடுக்க வேண்டும். உலோக இடுக்கியால் எடுத்தால் இரு முனைகளும் குறுக்காக இணைந்துவிடும். பிளாஸ்டிக் குச்சியே மேல். மின்கலத்தை எடுத்தால் சாவி தன் இரகசியக் குறியீட்டை மறந்துவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். பெரும்பாலான சாவிகளில் அக்குறியீடு, மின்சாரம் இல்லாமலே நிலைத்திருக்கும் நினைவகத்தில் உள்ளது. அச்சம் வேண்டாம்.

இன்னொன்றும் வியப்பானது. பொத்தான் அழுத்திக் கிளப்பும் வண்டிகள் பலவற்றில், மின்கலம் முற்றிலும் ஓய்ந்த சாவியாலும் வண்டியைக் கிளப்ப முடியும். சாவிக்குள் மறைந்துள்ள உலோகச் சாவியால் கதவைத் திறந்து, கையேடு காட்டும் இடத்தில் சாவியை ஒட்டிப் பிடிக்க வேண்டும். வண்டியிலுள்ள கம்பிச்சுருளின் மாறும் காந்தப்புலம், சாவிக்குள் உள்ள சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. 1831இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலேதான். அந்தக் கடன் வாங்கிய மின்சாரத்தில் சாவி தன் அடையாளத்தைச் சொல்லிவிடுகிறது.

புதியது உள்ளே போயிற்று. பழையது மேசைமேல் கிடக்கிறது. இங்கேதான் நம் 2.9 வோல்ட் மறுபடி வருகிறது. நீரை மின்பகுப்புச் செய்யக் குறைந்தது 1.23 வோல்ட் போதும். சாவிக்கு உதவாத மின்கலத்தில் இதைப்போல் இரு மடங்குக்கு மேல் இருக்கிறது!

பெரியவர்கள் இதைக் கண்ணாலேயே காணலாம். வெள்ளைத் துணித்துண்டை மஞ்சள்பொடி கலந்த உப்புநீரில் நனைத்து, பழைய மின்கலத்தைச் சுற்றி மூடி வையுங்கள். சில நிமிடங்களில் எதிர்முனைப் பக்கம் துணி சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பைச் சேர்த்து ஆலத்தி கரைக்கும்போது தோன்றும் அதே சிவப்பு. எதிர்முனையில் நீர் எலெக்ட்ரானைப் பெற்று ஹைட்ரஜனாகவும் ஹைட்ராக்சைடாகவும் பிரிகிறது. ஹைட்ராக்சைடு கடுங்காரம், காஸ்டிக் சோடாவின் தன்மையுடையது.

அந்த நனைந்த துணியின் இடத்தில் ஒரு குழந்தையின் உணவுக்குழாயை எண்ணிப் பாருங்கள். சிறு குழந்தை விழுங்கினால், 20 மில்லிமீட்டர் அகலமுள்ள இவ்வட்டம் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளக்கூடும். ஈரமான சதை இரு முனைகளையும் இணைத்துவிடும். மின்கலம் உடைந்து நஞ்சு கசிவதால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. சற்றும் கசியாத மின்கலமே காரத்தை அங்கே உற்பத்தி செய்கிறது. இரண்டு மணி நேரத்தில் கடும் புண் ஏற்பட்டுவிடும். எடுத்த பின்னரும் புண் ஆழமாகி, சில நாட்கள் கழித்துப் பெரிய இரத்தக்குழாய் வரை அரித்த நிகழ்ச்சிகள் உண்டு. அமெரிக்காவில் 2022இல் இயற்றப்பட்ட 'ரீஸ் சட்டம்', இப்படி இறந்த ஒரு பெண் குழந்தையின் பெயரைத் தாங்கியது. குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாதபடி மின்கல அறைகளை அமைக்க அது வழிசெய்தது.

விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் போதும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எக்ஸ்-ரே படத்தில் நாணயம் ஒற்றை வட்டமாகவும், மின்கலம் விளிம்பில் இரட்டை வளையமாகவும் தெரியும். ஒரு வயது நிரம்பிய குழந்தை விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன், அதிகம் போனால் ஆறு முறை, கொடுக்கலாம் என்பது நச்சு மருத்துவ நிபுணர்களின் அறிவுரை. தேன் மின்கலத்தைச் சூழ்ந்து படிகிறது. அதன் இலேசான அமிலத்தன்மை காரத்தைத் தணிக்கிறது. தேன் தேடிப் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனே கூடாது.

கழற்றிய மின்கலத்தின் இருபுறமும் உடனே ஒட்டுநாடாவை ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் சேர்த்துவிடலாம். ஒட்டாமல் பலவற்றை ஒரே டப்பாவில் போட்டு வைத்தால், ஒன்றோடொன்று உரசி, தீர்ந்ததாகச் சொன்னவையே சூடேறத் தொடங்கும்.