ஒட்டில்லாத வளையம்

"க்ரூப் நிறுவனத்தின் சின்னத்தில் உள்ள மூன்று வளையங்களும் பீரங்கி வாய்கள்தானே?" என்று கேட்டு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். உண்மையில் அவை ரயில் சக்கரத்தின் எஃகுப் பட்டாக்கள்.

சிறுவயதில் எங்கள் ஊர்க் கொல்லர் மாட்டுவண்டிக்குப் பட்டா போடுவதை நாள் முழுக்க நின்று பார்த்திருக்கிறேன். வரட்டி அடுக்கித் தீமூட்டி, பட்டாவைச் சிவக்கக் காய்ச்சி, மரச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார். புஸ்ஸென்று ஆவி எழும். குளிர்ந்து சுருங்கிய இரும்பு மரத்தைக் கவ்விக்கொள்ளும். பின்னாளில் பட்டா விட்டுப்போனால், அது பெரும்பாலும் இரு முனைகளையும் சேர்த்த ஒட்டில்தான்.

ரயிலுக்கும் இதே தொல்லை. ஓடும்போது ஒட்டு விட்டால் உயிர்ச்சேதம். ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் 1811-இல் தந்தை தொடங்கிய எஃகுப் பட்டறையைப் பதினான்கு வயதில் ஏற்ற ஆல்ஃபிரட் க்ரூப், 1852-இல் இதற்கு வழி கண்டார். அடித்து நீட்டிய எஃகுப் பாளத்தை நடுவே நீளவாக்கில் பிளந்தார். இரு முனைகளையும் பிளக்காமல் விட்டார். சட்டையின் காஜாவை விரலால் அகட்டுவதுபோல அந்தப் பிளவை விரித்ததும் வளையம் வந்துவிட்டது. அதைக் காய்ச்சி, உருளைகளுக்கிடையே ஓட்டி, வேண்டிய அளவுக்குப் பெருக்கினார். முனைகளே இல்லை, ஒட்டு எங்கிருந்து வரும்? எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1875-இல் மூன்று பட்டாக்கள் நிறுவனத்தின் சின்னமாயின.

 

பீரங்கியும் அந்த நிறுவனத்தில்தான் உருவானது. இரண்டாம் உலகப்போரில் கட்டாயத் தொழிலாளர்களை வதைத்ததற்காக நிறுவனத்தின் தலைவர் 1948-இல் நியூரம்பர்க்கில் தண்டிக்கப்பட்டார். அதை மறைக்கக் கூடாது. ஆனால், உயிர் காத்த வளையத்தைக்கூடப் பீரங்கி என்றே நினைவில் வைத்திருப்பது அதைச் செய்த கைகளுக்கு நாம் இழைக்கும் அநீதி.

எங்கள் ஊர்க் கொல்லரின் கைகளையும் அப்படித்தான் மறந்தோம். ரப்பர் டயர் வந்ததும் அவர் உலை அணைந்தது. உங்கள் பக்கத்தில் பட்டா போடத் தெரிந்தவர் இன்னும் இருந்தால், பிள்ளைகளை அழைத்துப்போய் ஒருமுறையாவது காட்டுங்கள்.